நாத்திகரின் நேர்த்திக்கடன்

1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுது, சில நாளில் பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் அப்போது வேண்டுதல் நடக்காத ஊர் இல்லை. 1968இல் வந்த ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரின் உயிருக்காக சௌகார் ஜானகி இறைவனிடம் மன்றாடும் பாட்டை தியேட்டர்காரர்கள் மறுபடி எடுத்துப் போட்டார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று அழுதார்கள். இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதாம். எதிர்பாராதது, மு. கருணாநிதி முரசொலியில் எழுதியது. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர், 1972 தி.மு.க. பிளவுக்குப் பிறகு எம்.ஜி.ஆருக்கு நேர் எதிரில் நின்றவர், தானும் பிரார்த்திப்பதாக எழுதினார்.

அதை எப்படிப் படிப்பது? பக்தர்களுக்குச் சந்தேகமே இல்லை: தனக்கென்று வந்தால்தான் சாமி தெரியும், ஆபத்துக்குப் பாவமில்லை. இயக்கத்துக்காரர்களுக்கோ அது 1947 ‘ராஜகுமாரி’ படக் காலத்திலிருந்து வந்த நட்புக்குக் காட்டிய மரியாதை, அவ்வளவே. இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. வேண்டிக்கொண்டால் நம்புகிறார் என்று பொருள். நம்பாவிட்டால் அது நிஜ வேண்டுதல் இல்லை. இந்தக் கணக்கே தப்பு என்று கடந்த சில பத்தாண்டுகளின் உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன என்பது என் வாசிப்பு.

முதலில், நம்பாதவர்கள் வேண்டிக்கொள்கிறார்களா? வேண்டிக்கொள்கிறார்கள், ஒரு பகுதியினர். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2012இல் எந்த மதத்தையும் சாராதவர்களைக் கேட்டபோது 21 சதவீதம் பேர் தினமும் பிரார்த்திப்பதாகச் சொன்னார்கள். ஆனால் மதம் சாராதவர் வேறு, நாத்திகர் வேறு. கோயில், சர்ச் பக்கம் போகாவிட்டாலும் ‘மேலே ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று நினைப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். கடவுள் இல்லை என்று திட்டமாகச் சொல்பவர்களை மட்டும் பிரித்தால் தினசரிப் பிரார்த்தனை நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் போவதில்லை. ஆகவே, எல்லா நாத்திகரும் உள்ளுக்குள் பக்தர் என்ற பழைய கிண்டலுக்குக் கணக்கில் இடமில்லை.

அதெல்லாம் சாதாரண நாளின் கணக்கு. நெருக்கடி வந்தால் கணக்கு கொஞ்சம் நகர்கிறது. 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள். தற்செயலாக, அந்த நாட்டில் ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும் ஒரு நெடுங்கால ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. 2009இல் ஒரு சுற்று, 2011இல் ஒரு சுற்று, நடுவில் நிலநடுக்கம். இப்படி ஒரு வாய்ப்பு ஆய்வாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. கிறிஸ் சிப்லி, ஜோசப் புல்புலியா இருவரும் பார்த்தபோது நாடு முழுக்க மதப்பற்று குறைந்துவந்த அதே காலத்தில் நிலநடுக்கம் கண்ட பகுதியில் மட்டும் கூடியிருந்தது. கூடவே இன்னொன்றும் கண்டார்கள்: புதிதாக நம்பிக்கை பெற்றதால் யாரும் தங்கள் உடல்நலம் தேறியதாக உணரவில்லை. பலனுக்காக வந்தவர்கள் பலன் இல்லாமலும் நின்றிருக்கிறார்கள்.

கொரோனா வந்தபோதும் இதே கதை. 2020 மார்ச்சில் கூகுளில் ‘பிரார்த்தனை’ என்று தேடியவர்களின் பங்கு, அதுவரை பதிவானதிலேயே உச்சத்தைத் தொட்டது என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜேனட் பென்ட்சன் கண்டார். உலகிலேயே மதப்பற்று குறைந்த நாடுகளில் ஒன்றான டென்மார்க்கும் அதற்கு விலக்கல்ல.

சரி, தலைக்குள் என்ன நடக்கிறது? இங்கேதான் ஹெல்சின்கி ஆய்வு வருகிறது. 2014இல் வெளியான அதை நடத்தியவர் மார்யானா லிண்டெமன் குழுவினர். பின்லாந்துக்காரர்கள் சிலரை உட்கார வைத்தார்கள். சிலர் நாத்திகர், சிலர் பக்தர். விரல்களில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். பதற்றம் வந்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை சுரக்கும். அப்போது தோலில் மின்சாரம் சற்று எளிதாகப் பாயும். கருவி அதைக் குறித்துக்கொள்ளும். பிறகு சில வாக்கியங்களைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். சில வாக்கியங்கள் சாதுவானவை. சில அருவருப்பானவை, ஆனால் கடவுள் இல்லாதவை. சில, ஆண்டவனுக்குச் சவால் விடுபவை: முடிந்தால் என் பெற்றோரை நீரில் மூழ்கடித்துப் பார் என்கிற ரகம்.

வாசித்த பிறகு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பக்தர்கள் சங்கடமாக இருந்தது என்றார்கள். நாத்திகர்கள் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. தோலோ வேறு சொன்னது. ஆண்டவனுக்கு விட்ட சவாலை வாசிக்கும்போது நாத்திகரின் விரலும் பக்தரின் விரலைப் போலவே வியர்த்திருந்தது.

பெற்றோர் சாவதைப் பற்றி வாய்விட்டுச் சொன்னால் யாருக்கும் வியர்க்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது சோதனையில் நாத்திகர்களை மட்டும் வைத்து, ‘கடவுளே, செய்து பார்’ என்ற வாக்கியத்தையும், அதே கேடு நேரட்டும் என்று வெறுமனே விரும்பும் வாக்கியத்தையும் அடுத்தடுத்து வாசிக்கவைத்தார்கள். கடவுள் இருக்கும் வாக்கியத்துக்கே வியர்வை கூடுதல்.

இதை வைத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, மாட்டிக்கொண்டார்கள்’ என்று குதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்கள் கொஞ்சம் பேர்தான். தோலின் ஈரம் பதற்றத்தைச் சொல்லுமே தவிர அது பயமா, கூச்சமா, சின்ன வயதில் பாட்டி வாயில் அடித்த நினைவா என்று பிரித்துச் சொல்லாது. சிறுவயதில் சாமி கும்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்களில் இருந்திருக்கலாம். வளர்த்த கையின் அடையாளம் உடம்பை விட்டுப் போக நாளாகும்.

இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகினார்கள், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஜாங், ஜேமின் ஹால்பர்ஸ்டாட் குழுவினர். சிலரைத் தங்கள் மரணத்தைப் பற்றி யோசித்து எழுதச் சொல்லிவிட்டு, கடவுள் உண்டா, ஆன்மா உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். சாவை நினைத்த நாத்திகர்கள் முன்னைவிட உறுதியாக ‘இல்லை’ என்றார்கள். பக்தர்கள் முன்னைவிட உறுதியாக ‘உண்டு’ என்றார்கள். ஆனால் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தபோது, சாவை நினைத்த பக்தரின் ‘உண்டு’ வேகமாக வந்தது; சாவை நினைத்த நாத்திகரின் ‘இல்லை’ சற்றுத் தாமதித்தது. நொடியில் ஒரு சிறு பங்குதான் அந்தத் தாமதம். பதில் மாறவில்லை. இதை நான் பலவீனம் என்று படிக்க மாட்டேன். தயங்கியபின்னும் ‘இல்லை’ என்று சொன்னவர், தயங்காமல் சொன்னவரைவிட அதிகம் வேலை செய்திருக்கிறார்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குத் திருப்தியான விளக்கம், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேன் ரைசன் 2016இல் எழுதியது. மனித மனம் வேகமாகவும் யோசிக்கும், நிதானமாகவும் யோசிக்கும். வேகமான யோசனை தப்பு செய்தால் நிதானமான யோசனை திருத்தும் என்று அதுவரை சொல்லி வந்தார்கள். ரைசன் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார். தப்பைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை. இது அபத்தம் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டே, திருத்தாமல் விட்டுவிட மனத்தால் முடியும்.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1980களில் உளவியலாளர் பால் ரோசின், ஆட்களின் கண்ணெதிரே ஒரே சர்க்கரையை இரண்டு பாட்டில்களில் கொட்டி, ‘சர்க்கரை’, ‘சயனைடு’ என்று இரண்டு லேபிள்களை அவர்கள் கையாலேயே ஒட்டச் சொன்னார். எதில் எதை ஒட்டுவது என்பதும் அவர்கள் இஷ்டம். பிறகு இரண்டிலிருந்தும் சர்க்கரை கரைத்துக் குடிக்கக் கொடுத்தால், சயனைடு லேபிள் ஒட்டிய பாட்டிலின் தண்ணீரை எடுக்கத் தயங்கினார்கள். அதில் இருப்பது சர்க்கரை என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஐயமில்லாத கை தயங்குகிறது என்பதுதான் விஷயம்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். நம் ஊர் ஐ.சி.யூ. வாசலை ஒரு பகல் முழுக்கப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வந்த புதிதில் யாரும் சாமி கும்பிடுவதில்லை, நேரம் இருப்பதில்லை. கவுண்டரில் அட்வான்ஸ் கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் அட்டையைத் தேட வேண்டும், இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும், மருந்துச் சீட்டோடு கீழ்த்தளத்துக்கு நாலு முறை ஓட வேண்டும். எல்லாம் முடிந்து, அட்டெண்டர் ‘இனி சாயங்காலம்தான் உள்ளே விடுவோம்’ என்று கதவைச் சாத்திய பிறகு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் உதடு அசையத் தொடங்குகிறது.

இதை மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி நூறாண்டுக்கு முன்பே வேறு இடத்தில் கவனித்தார். பசிபிக் பெருங்கடலின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில், அலையடிக்காத காயலுக்குள் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரச் சடங்கு விரிவாக நடக்கும். கைத்திறன் போதுமான இடத்தில் மந்திரத்துக்கு வேலையில்லை.

2006 கோடையில் வட இஸ்ரேலில் ராக்கெட்டுகள் விழுந்தபோது ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானிடவியலாளர் அதை இன்னும் கூர்மையாகக் காட்டினார். வேதாகமச் சங்கீதப் பாடல்களை ஓதிய பெண்களில், ராக்கெட் விழும் பகுதியிலேயே தங்கியவர்களுக்கு ஓதியதால் பதற்றம் குறைந்திருந்தது. தெற்கே பாதுகாப்பான இடத்துக்குப் போனவர்களுக்கு ஓதியும் குறையவில்லை. அவர்களின் கவலை வேறு: எங்கே தங்குவது, செலவுக்கு என்ன செய்வது, பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது. அவற்றுக்குச் செய்ய வேண்டியவை இருந்தன; ஓதுவது அவற்றைச் செய்து முடிக்காது. செய்ய ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் பிரார்த்தனை மனத்துக்கு ஒரு வேலையாகிறது.

ஆனால் இந்த விளக்கத்தோடு நிறுத்தினால் ஒரு முக்கியமான வேறுபாடு விட்டுப்போகும். தனக்கு நோய் வந்தால் நாத்திகர் நடந்துகொள்வதும், தன்னவருக்கு வந்தால் நடந்துகொள்வதும் ஒன்றல்ல.

தத்துவவாதி டேனியல் டென்னெட்டுக்கு 2006இல் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் கிழிந்தது. ஒன்பது மணிநேர அறுவை சிகிச்சையில் பிழைத்தார். உனக்காகப் பிரார்த்தித்தோம் என்ற நண்பர்களிடம், கூடவே ஒரு ஆட்டையும் பலி கொடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றிய ஆசையை அடக்கிக்கொண்டதாக எழுதினார். தன் நன்றி மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் இயந்திரங்களைச் செய்தவர்களுக்கும்தான் என்றார். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் 2011இல் இறந்த கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸும் கடைசிவரை இறங்கி வரவில்லை. பெயர் பெற்றவர்கள் மட்டுமல்ல. 2018இல் புளோரன்ஸ் புயலில் அடிபட்ட வட கரோலைனா மக்களிடம் லிண்டா துன்ஸ்ட்ரோமும் ஷிரி நோயும், உங்களுக்காக ஒருவர் பிரார்த்திப்பதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று விசாரித்தார்கள். கிறிஸ்தவர்கள் ஒரு பாதிரியாரின் பிரார்த்தனைக்குச் சராசரியாக 7.17 டாலர் தர முன்வந்தார்கள். நாத்திகரும் கடவுளைப் பற்றித் தெரியாது என்பவர்களும் அதே பாதிரியார் பிரார்த்திக்காமல் இருப்பதற்கு 1.66 டாலர் தரத் தயாராக இருந்தார்கள்!

இவையெல்லாம் தன் உடம்பு, தன் வீடு. கொள்கைக்கு ஏதாவது விலை இருந்தால் அதைக் கொடுக்கப்போவது தானே. படுக்கையில் கிடப்பது மகளாக இருந்தால்? ஒருவேளை, ஆயிரத்தில் ஒரு பங்கு, நான் நினைப்பது தப்பாக இருந்தால், அதன் விலையை அவள் கொடுப்பாள். தன் தரப்பில் பிரார்த்தனைக்கு ஆகும் செலவு சில நொடிகளும் கொஞ்சம் கூச்சமும். சாதாரண நாளில் சிரித்து ஒதுக்கக்கூடிய அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு, தன்னவர் மூச்சு வாங்கும்போது சிரித்து ஒதுக்கக்கூடியதாக இருப்பதில்லை. ஹெல்சின்கியில் வியர்வையைக் கிளப்பிய சவால்களில் சில வாசித்தவர் தலையில் விழவில்லை, அவர் பெற்றோர் தலையில் விழுந்தன. அதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

1851 ஏப்ரலில் சார்லஸ் டார்வின் இந்த இடத்தில் நின்றார். பத்து வயது மகள் ஆனி, இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில், டாக்டர் ஜேம்ஸ் கல்லியின் நீர்ச்சிகிச்சைக்குக் கொண்டுபோன இடத்தில், காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்தாள். மனைவி எம்மா நிறைமாதக் கர்ப்பிணி. டவுன் கிராமத்து வீட்டை விட்டு வர முடியவில்லை. டார்வின் படுக்கைக்குப் பக்கத்திலிருந்தபடி நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி, அவளுக்குக் கடிதம் எழுதினார்: நாடி எப்படி, எத்தனை கரண்டி கஞ்சி உள்ளே போயிற்று, எப்போது வாந்தி. கிறிஸ்தவத்தின் மேலிருந்த நம்பிக்கை அதற்குள் பெரும்பாலும் தேய்ந்திருந்தது. மிச்சத்தை இந்தச் சாவு எடுத்துக்கொண்டது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். ஏப்ரல் 23 நண்பகலில் ஆனி இறந்தாள். அன்று எம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், செய்தியைத் தாங்கும்படி உன் மனம் முன்னமே தயாராகியிருக்கட்டும் என்று ஆண்டவனை வேண்டுவதாக எழுதினார். மகளை ஆண்டவன் ஆசீர்வதிக்கட்டும் என்றும் எழுதினார்.

எம்மா பக்தை. அவளுக்கு ஆறுதலாக அவள் பாஷையில் எழுதினார் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றும் சொல்லலாம். முரசொலி வரிகளுக்கும் இதே இரண்டு விளக்கங்கள் பொருந்தும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: துக்கத்தை வெளியே விட மனிதனுக்குக் கைவசம் வேறு வாக்கியம் இல்லை. மூன்றில் எதற்கும் கடவுள் இருக்கிறார் என்ற முடிவு தேவைப்படவில்லை.

எல்லோரும் டார்வினும் இல்லை. அவருடைய நண்பர் தாமஸ் ஹக்ஸ்லி 1860 செப்டம்பரில், நாலு வயதுகூட நிரம்பாத மகன் நோயலைச் செங்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பாதிரியார் சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் சொல்லி எழுதியதற்கு, ஆசைப்படுகிறேன் என்பதற்காக ஒன்றை உண்மை என்று ஏற்க மாட்டேன் என்று நீண்ட பதில் எழுதினார். ஒன்பது ஆண்டு கழித்து ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லை உருவாக்கியவர் இவர்தான். அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் யாரும் கல்நெஞ்சன் என்று சொல்ல மாட்டார்கள்.

வேண்டினால் நோயாளிக்குப் பலன் உண்டா என்பது தனிக் கேள்வி, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழு ஆறு அமெரிக்க மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்தது. பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும், பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் அறுவைக்குப் பின் சிக்கல்கள் வந்தன. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று இந்த இரு பிரிவினருக்கும் தெரியாது. உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பிரார்த்திக்கப்பட்டவர்களில் அது 59 சதவீதம். ஆள் வைத்துப் பிரார்த்திக்கும் அளவுக்கா மோசமாகிவிட்டேன் என்ற கலக்கம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஊரெல்லாம் வேண்டிக்கொண்டிருப்பதைப் படுத்திருப்பவர் காதில் உடனே போட வேண்டியதில்லை போலிருக்கிறது.

நம் வீடுகளில் இந்த விவகாரம் இன்னொரு சுற்று சுற்றும். இங்கே நாத்திகர் தாமே வேண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. வீட்டில் அதற்கென்று ஆள் இருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்: தேறினால் பழனிக்கு வந்து அப்பனுக்கும் பிள்ளைக்கும் மொட்டை. அப்பனைக் கேட்பதில்லை. கறுப்புச் சட்டைக்காரரான அப்பன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருப்பார். அந்த முடிச்சை அவிழ்த்து எறிந்த நாத்திகரை நான் இதுவரை பார்த்ததில்லை.

காய்ச்சல் இறங்கிவிடுகிறது. வேடிக்கை இனிமேல்தான். ஆபத்து போய்விட்டது, பதற்றமும் போய்விட்டது. செய்ய ஒன்றுமில்லாத நிலையில் மனம் பிடித்துக்கொள்ளும் கொம்பு என்ற விளக்கம் இங்கே உதவாது. அப்படியும் கடன் தீர்க்கப்படுகிறது. இதற்கும் ரைசனிடம் பதில் இருக்கிறது. 2008இல் அவரும் தாமஸ் கிலோவிச்சும் மாணவர்களுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஜான் என்ற பையன் ஸ்டான்ஃபோர்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான். முடிவு வருமுன் அவன் அம்மா ஸ்டான்ஃபோர்டு டி-ஷர்ட் அனுப்புகிறார். ஒரு கதையில் அவன் அதைப் போட்டுக்கொள்கிறான். இன்னொன்றில் அலமாரிக்குள் திணிக்கிறான். போட்டுக்கொண்டவனுக்கு இடம் கிடைக்காமல் போகும் வாய்ப்பே அதிகம் என்றார்கள் மாணவர்கள். சட்டைக்கும் சேர்க்கைக்கும் தொடர்பில்லை என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. விதியைச் சீண்டிய பிறகு வரும் கேடு மனக்கண்ணில் சட்டென்று விரிகிறது. சட்டென்று விரிவது நடக்கக்கூடியதாகவும் தோன்றிவிடுகிறது.

தீர்க்காத நேர்த்திக்கடனும் ஜான் போட்டுக்கொண்ட அந்தச் சட்டைதான். அடுத்த மார்கழியில் பிள்ளை இருமினால் போதும், வீட்டில் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பும்; அப்பனின் கண்ணும்கூட. பழனிக்குப் பஸ் டிக்கெட் அந்த ஒரு இருமலின் விலைக்கு மலிவு. அதனால் விடுமுறையில் ஒரு நாள் பார்த்துக் கிளம்புகிறார்கள். திங்கட்கிழமை ஆபீசில் தலையைப் பார்த்து யாராவது கேட்டால், வெயில் அதிகம் என்பார், அல்லது உண்மையைச் சொல்வார்: “அம்மா வேண்டிக்கிட்டாங்க.”